கல்லுக்குள் கதிர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுத் தூண்கள் நிற்கின்றன. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டு வந்தவை என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். 1750-ல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுப் படையிடம் விழுந்தது. 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. தூணின் வேலைப்பாட்டை அண்ணாந்து பார்ப்பவர்கள் உண்டு, அதில் சாய்ந்து செல்ஃபி எடுப்பவர்கள் நிறைய உண்டு. கல்லைப் பார்ப்பவர்கள்தான் குறைவு. உப்புக்காற்றில் கறுத்துப்போன அந்தக் கல் கிரானைட். சராசரி கிரானைட்டில் ஒரு கிலோவை எடுத்துக்கொண்டால், அதற்குள் விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைந்து கதிரை உமிழ்ந்துகொண்டிருக்கும். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்திலும் உமிழ்ந்தது, இன்று மாலையும் உமிழும்.

இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "அப்ப கிச்சன்ல கிரானைட் மேடை போட்டா கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வந்தது நிஜம்தானா சார்?" என்று ஒருவர் கேட்பார். "அதெல்லாம் சும்மா, கல்லுல ஒண்ணும் கிடையாது" என்பார் கடைக்காரர். இரண்டுமே அளக்காமல் பேசுகிற பேச்சு. எந்தக் கல், அதற்குள் எந்தக் கனிமம், அது எவ்வளவு என்று தெரியாமல் கிரானைட்டைத் திட்டவும் முடியாது, அதற்கு நற்சான்று தரவும் முடியாது.

செஞ்சிப் பக்கம் புதிதாக உடைந்த ஒரு சில்லு கிடைத்தால் வெயிலில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். கண்ணாடித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் ஒழுங்கில்லாமல் கிடப்பது குவார்ட்ஸ். தட்டையான முகத்தோடு, திருப்பும்போது ஒரு கோணத்தில் பளிச்சென்று ஒளி அடிப்பது ஃபெல்ஸ்பார். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இடையில் கறுப்புச் செதிலாக ஒட்டிக்கொண்டிருப்பதை நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். அதுதான் பயோடைட், காக்காப்பொன்னின் கறுப்பு வகை. கிரானைட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இந்த மூன்றும்தான். கட்டடத் தொழிலுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். கதிரைத் தேடுகிறவர்களுக்கு மீதிச் சொச்சம்தான் முக்கியம்.

ஆனாலும் முதலில் ஃபெல்ஸ்பாரைப் பார்த்துவிடலாம். இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாரில் எடைக்கு 14 சதவீதம் வரை பொட்டாசியம். சிவப்பு வருவது அதற்குள் தூசியாகச் சிதறிக் கிடக்கும் இரும்பு ஆக்சைடால். உலகத்திலுள்ள பொட்டாசியம் எதை எடுத்தாலும், அது வாழைப்பழத்தில் இருந்தாலும் நம் ரத்தத்தில் இருந்தாலும், பத்தாயிரம் அணுவில் ஒன்று, சற்று மேலே, பொட்டாசியம்-40 என்ற நிலையற்ற வகை. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு. சிதையும்போது பெரும்பகுதி கால்சியமாக மாறும். பத்தில் ஒரு பங்கு போல ஆர்கான் வாயுவாக மாறும். அந்த ஆர்கான் எங்கே போயிற்று என்று கேட்டால், கடற்கரையில் நின்று மூச்சை இழுத்தால் போதும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 1 சதவீதம் ஆர்கான். அதில் கிட்டத்தட்ட எல்லாமே பூமியின் பாறைகளுக்குள் பொட்டாசியம் சிதைந்து பிறந்து, பல நூறு கோடி ஆண்டுகளாகக் கசிந்து வெளியே வந்தது.

செஞ்சிக் கிரானைட்டின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதாவது பொட்டாசியம்-40-க்கு இரண்டு அரை ஆயுள் முடிந்துவிட்டது. அந்தப் பாறைக் குழம்பு உறைந்தபோது இருந்ததில் இன்று கால் பங்குதான் பாக்கி. யுரேனியம்-238 மெதுவானது, அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் இருக்கிறது. தோரியத்துக்கு 1405 கோடி. அது பெரிதாகக் குறையவே இல்லை. அப்படியானால் வயது குறைந்த கிரானைட்டில் கதிர் அதிகமாக இருக்குமோ என்று தோன்றும். இல்லை. கல் எப்போது உறைந்திருந்தாலும், அதற்குள் இருக்கும் பொட்டாசியம் பூமியோடு பிறந்த பொட்டாசியம். நேற்று உறைந்த எரிமலைக் குழம்பிலும் அதே விகிதம்தான். கல்லின் வயது வேறு, அணுவின் வயது வேறு.

இப்போது அந்த மீதிச் சொச்சம். பூமிக்கடியில் பாறைக் குழம்பு ஆறும்போது இரும்பும் மெக்னீசியமும் சேர்ந்த கனிமங்கள் முதலில் படிகமாகி ஒதுங்கிவிடும். யுரேனிய அணுவும் தோரிய அணுவும் பருமன், மின்னேற்றமும் அதிகம். அந்தப் படிகங்களின் அடுக்கில் அவற்றுக்கு இடம் கிடைக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் வெளியே தள்ளப்பட்டு, கடைசியாக மிஞ்சும் குழம்பில் போய்ச் சேரும். கடைசியில் உறைவதுதான் கிரானைட். அங்கே சிர்கான், மோனசைட், அல்லனைட் போன்ற மணல் துகளைவிடச் சிறிய கனிமங்கள் அவற்றுக்கு இடம் கொடுக்கும். பாறையில் ஒரு சதவீதம்கூட இல்லாத இந்தத் துணுக்குகளில்தான் யுரேனியம், தோரியத்தின் பெரும்பகுதி அடைபட்டிருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக, ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்காகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், பழுப்பு நிறக் காக்காப்பொன்னுக்குள் ஆங்காங்கே கறுப்பு வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பொட்டு வைத்தாற்போல ஒரு சிர்கான். கல் பார்க்கிறவர்களுக்கு அந்த வட்டங்கள் பழக்கமானவைதான், காரணம்தான் புரியாமல் இருந்தது. 1907-ல் டப்ளினில் ஜான் ஜோலி விளக்கினார்: சிர்கானுக்குள் சிதையும் அணுக்கள் ஆல்ஃபா துகள்களை எல்லாத் திசையிலும் எறிகின்றன, அவை காக்காப்பொன்னுக்குள் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தூரம் வரை போய் நின்றுவிடுகின்றன, நிற்கிற எல்லை வரை கனிமம் கருகிப்போகிறது. கிரானைட்டில் சில இடங்களில் குவார்ட்ஸ் தெளிவாக இல்லாமல் புகை மூட்டமாக இருப்பதும் பல கோடி ஆண்டுகள் கதிர் பட்டதன் தழும்புதான்.

கிரானைட்டின் கதிரை அளக்கும் ஆராய்ச்சிக்கு உலகம் அதிகம் போவது பாலைவனத்துக்கு. நைல் நதிக்கும் செங்கடலுக்கும் நடுவே கிடக்கும் எகிப்தின் கிழக்குப் பாலைவனம் அதில் முதல் வரிசை. புதுச்சேரிக்கு அது அந்நிய இடமும் அல்ல. ஊரை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானிய மதுச்சாடிகளை அனுப்பிய வணிகத்தின் வாசல் அந்தப் பாலைவனத்துச் செங்கடல் துறைமுகங்கள்தான். பெரெனிகேயிலும் குசேர் அல் காதிமிலும் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நைல் நதியிலிருந்து அந்தத் துறைமுகங்களுக்கு ஒட்டகத்தில் சரக்குப் போன பாதைகள் கிரானைட் மலைகளுக்கு இடையே ஓடின. அதே மலைகளில் மான்ஸ் கிளாடியானஸ் என்ற இடத்தில் ரோமானியர்கள் சாம்பல் நிறக் கல் வெட்டினார்கள். ரோம் நகரப் பாந்தியன் கோயிலின் முகப்பில் நிற்கும் எட்டுத் தூண்கள் அங்கிருந்து போனவை. பின்னால் நிற்கும் இளஞ்சிவப்புத் தூண்கள் அஸ்வானிலிருந்து. பாரிஸில் கான்கார்ட் சதுக்கத்தில் 1836-ல் நிறுத்தப்பட்ட 23 மீட்டர் உயரத் தூபியும் அஸ்வான் கிரானைட்தான். பொட்டாசியம் குறைந்த சாம்பல் கல், நிறைந்த இளஞ்சிவப்புக் கல் என்று நிறமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஓரளவுதான், நிறத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது.

அந்த எகிப்தியக் கிரானைட்டுகள் சுமார் 60 கோடி ஆண்டு வயதுடையவை. செஞ்சிக்கு முன்னால் குழந்தைகள். அவற்றில் ஜெபல் கட்டார் மலையில் யுரேனியம் பாறை வெடிப்புகளில் மஞ்சள் பூச்சாகவே தெரியும். யுரேனோஃபேன் என்ற கனிமம் அது. பக்கத்தில் ஊதா நிறத்தில் ஃப்ளோரைட் கிடக்கும்.

பாலைவனத்தை ஏன் தேடிப் போகிறார்கள் என்பதற்குக் காரணம் எளிது. பாறையிலிருந்து காமா கதிர் வெளியே வருவது மேலே உள்ள ஒன்று, ஒன்றரை அடி ஆழத்திலிருந்து மட்டும்தான். அதற்குக் கீழே பிறப்பதை மேலே உள்ள கல்லே விழுங்கிவிடும். மண்ணும் ஈரமும் செடிகொடியும் மூடியிருந்தால் விமானத்தில் கருவியைக் கட்டிக்கொண்டு பறந்தாலும் மண்ணைத்தான் அளக்க முடியும். பாலையில் பாறை அம்மணமாகக் கிடக்கிறது. பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றுக்கும் தனித்தனி ஆற்றலில் காமா வருவதால் மூன்று நிறத்தில் வரைபடமே போட்டுவிடலாம்.

மழை அதிகமுள்ள நம் ஊர்களில் நடப்பது வேறு. ஆக்சிஜன் கலந்த நீரில் யுரேனியம் கரைந்து ஓடிவிடும், தோரியம் அசையாது. ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறும். வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, ஓரம் மழுங்கி, சுற்றியுள்ள மண் அரித்துப் போனபிறகு மிஞ்சியவைதான் செஞ்சி மலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகள். (2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு செஞ்சி சேர்ந்தபோது எல்லாரும் சிவாஜியைப் பற்றி எழுதினார்கள், அந்தப் பாறைகளைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.) கல் கரைந்தாலும் மோனசைட்டும் சிர்கானும் கரைவதில்லை. ஆற்றோடு கடலுக்குப் போய், அலை சலித்துக் கரையில் ஒதுக்கும். 1909-ல் மணவாளக்குறிச்சிக் கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார்; காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கல்பாக்கம் கடற்கரை மணலிலும் மோனசைட் உண்டு. அங்கே கருவி சற்று அதிகம் துடித்தால் உடனே அணு உலையைக் கைகாட்டிவிடக் கூடாது; மணலையும் அளக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மோனசைட் மணல் பட்டையில் வாழ்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கேரளத்தில் பதில் தேடியிருக்கிறார்கள். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்றது. வேறு பல இடங்களைவிடப் பல மடங்கு அதிகக் கதிர் உள்ள ஊர் அது. சமையல் மேடைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுப் பாலைவனக் கிரானைட்டும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது, லாரியில். ராஜஸ்தானின் ஜாலோர், சிவானா பகுதிக் கிரானைட் சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மாலானி எரிமலைக் காலத்தது. சிவானாவில் அரிய மண் தனிமங்களைத் தேடி அரசே ஆய்வு நடத்துகிறது. அப்படிப்பட்ட பாறையில் தோரியமும் யுரேனியமும் கூடவே வரும். ஆனால் கடையில் 'கிரானைட்' என்று அடுக்கி வைத்திருப்பதில் நிறையக் கல் கிரானைட்டே இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் 'குன்னம் பிளாக்' டோலரைட். தங்கப் பொட்டு மின்னும் 'பிளாக் கேலக்சி' ஆந்திராவின் சீமகுர்த்தியில் வெட்டும் கேப்ரோ வகைக் கல். 'காஷ்மீர் ஒயிட்' காஷ்மீரைப் பார்த்ததே இல்லை. மதுரைப் பக்கத்துச் சரக்கு. ஜல்லிக்காக வானூர் வட்டாரக் குவாரிகளில் உடைபடுவது பெரும்பாலும் சார்னோகைட். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன பல்லாவரத்துக் கல்லை வைத்து 1893-ல் தாமஸ் ஹாலந்து சூட்டிய பெயர் அது. ஆழத்தில் வெந்து உருமாறியபோது யுரேனியம், தோரியத்தில் ஒரு பகுதியை இழந்த பாறை வகை என்பதால் பொதுவாக அதில் கதிர் குறைவு. கறுப்பு டோலரைட்டும் கேப்ரோவும் அதைவிடச் சாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சராசரி கிரானைட்டில் பொட்டாசியம் 4 சதவீதம், யுரேனியம் பத்து லட்சத்தில் 4 பங்கு, தோரியம் 18 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்குப் பொட்டாசியத்தால் சுமார் 1250 பெக்கரல், யுரேனியத் தொடரின் ரேடியத்தால் 49, தோரியத்தால் 73 வரும். ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஒரு சிதைவு. ஐரோப்பாவில் கட்டுமானப் பொருளுக்கு ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்: ரேடியத்தை 300-ஆலும், தோரியத்தை 200-ஆலும், பொட்டாசியத்தை 3000-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். விடை 1-க்குள் இருந்தால், சுவர், தரை, கூரை எல்லாம் அந்தக் கல்லாலேயே கட்டி உள்ளே குடியிருந்தாலும் கூடுதலாக நம் உடல் வாங்கும் கதிர் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் அளவைத் தாண்டாது. நம் கல்லுக்கு 0.95 வருகிறது. டோலரைட்டுக்கு 0.1, 0.2 என்றுதான் வரும். பாலைவனக் கிரானைட் சிலவும், பெரிய பெரிய படிகம் கொண்ட சில சிவப்பு ரகங்களும் 1-ஐத் தாண்டும்.

ஆனால் நாம் வீட்டையா கிரானைட்டால் கட்டுகிறோம்? எட்டடி நீளம், இரண்டடி அகலம், 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மேடைப் பலகை; எடை 70 கிலோ சொச்சம். மேலே ஒட்டும் மெல்லிய பலகைகளுக்கு அதே 1 மில்லிசீவர்ட் வரம்புக்குக் குறியீடு 6 வரை போகலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் 1999-லேயே சொல்லியிருக்கிறது. இயற்கையாகவே உலகச் சராசரி மனிதன் ஆண்டுக்கு வாங்குவது 2.4 மில்லிசீவர்ட். ஆகவே சமையல் மேடை விஷயத்தில் கடைக்காரர் சொல்வது கிட்டத்தட்டச் சரி. 'ஒண்ணும் கிடையாது' என்பதுதான் தப்பு.

இதை அளப்பது கடையில் கருவியை நீட்டி 'டிக் டிக்' கேட்கிற காரியம் அல்ல. கல்லை மாவாக அரைத்து, உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஏறக்குறைய ஒரு மாதம் சும்மா வைத்துவிடுவார்கள். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் ஒரு வாயு, அரை ஆயுள் 3.8 நாள். அது தப்பிப் போகாமல் உள்ளேயே நிறைந்து, பிறப்பும் சிதைவும் சமமாக வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு மாதம். பிறகு ஈயக் கோட்டைக்குள் வைத்த ஜெர்மானியம் கருவியின் மேல் டப்பாவை வைத்து, மணிக்கணக்கில் காமாவை எண்ணுவார்கள்.

அந்த ரேடான்தான் உண்மையில் கவனிக்க வேண்டிய ஆசாமி. ஆண்டுக்கு வாங்கும் அந்த 2.4 மில்லிசீவர்ட்டில் பாதிக்கு மேல் அதன் பங்கு. மூச்சோடு போய் நுரையீரலில் அதன் வாரிசுகள் தங்கிவிடும். பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக்காரர்களுக்கு இது சட்டமாகவே தெரிந்திருக்கும்: பிரித்தானி, லிமூசேன் போன்ற கிரானைட் பூமியில், ரேடான் அபாயம் அதிகம் என்று மூன்றாம் வகையில் சேர்க்கப்பட்ட ஊர்களில், வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் அதைச் சொல்லியாக வேண்டும்; 2018 ஜூலையிலிருந்து இந்த விதி. குளிருக்காக மூடிய வீடு, அடியில் நிலவறை, அதற்கும் அடியில் கிரானைட் என்று மூன்றும் சேர்ந்த ஊர்கள் அவை. புதுச்சேரி நகரத்தின் அடியில் கிரானைட் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. மேலே வண்டல், கடலூர் மணற்கல், அதற்கும் கீழே டைனோசர் காலத்துக் கடல் படிவுகள். வீட்டு ஜன்னலும் வருஷம் முழுக்கத் திறந்தே கிடக்கும். கிடந்தது என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. ஏசி வந்தபிறகு புது அடுக்குமாடிகளில் படுக்கையறை ஜன்னல் பகலிலும் திறப்பதில்லை.

என் தீர்ப்பு இதுதான். கறுப்புக் கல்லா, சிவப்புக் கல்லா என்று மேடைக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பிடித்ததைப் போடுங்கள். படுக்கையறை முழுக்கத் தரையிலும் சுவரிலும் சிவப்புக் கிரானைட் ஒட்டி, ஏசிக்காக இறுக்க மூடி வைப்பவர்கள் மட்டும் காலையில் ஒரு மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறை இருக்கிறது. ஊர்க் கடைகளில் விற்கும் இருபது, முப்பது ரகங்களை அளந்து, ஒவ்வொரு ரகத்துக்கும் எதிரே குறியீட்டு எண்ணைப் போட்டு, தமிழில் ஒரு பட்டியலாக வெளியிட்டால், வீடு கட்டுகிறவர்கள் வாட்ஸ்அப்பைப் பார்க்க வேண்டியிருக்காது.